நிறுத்தப்பட்ட கருப்பு வெள்ளை பிலிம்களும் இன்றைய மாற்றுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருப்பு வெள்ளை பிலிமில் படம் எடுப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அந்த பிலிம் இப்போது வருவதில்லை, அதற்குப் பதில் எது?" அப்பாவின் கேமராவைப் பரணிலிருந்து இறக்கியவர்கள், பழைய நெகட்டிவ் உறையில் எழுதியிருந்த பெயரைத் தேடிக் கடைக்குப் போய்த் திரும்பியவர்கள், கல்லூரியில் புகைப்படக்கலை படிக்கிறவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். இருபத்தைந்து வருடமாக வீட்டுக் குளியலறையில் பிலிம் கழுவி, பிரிண்ட் போட்டு வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து இந்தப் பதில்கள்.

பழைய பிலிம் போலவே அச்சு அசலாக இருக்கும் புது பிலிம் உண்டா?

இல்லை. பக்கத்தில் வருவது உண்டு, அதே பிலிம் கிடையாது. ஒரு பிலிமில் நான்கைந்து குணங்கள் சேர்ந்திருக்கின்றன. எந்த நிறத்தை எவ்வளவு வெளுப்பாக அல்லது கருப்பாகக் காட்டும் என்பது ஒன்று. நிழலிலிருந்து வெளிச்சம் வரை சாம்பல் எப்படிப் படிப்படியாக ஏறுகிறது என்பது இன்னொன்று. வளைகோடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அப்புறம் கிரெய்ன், அதாவது படத்தில் மணல் போலத் தெரியும் புள்ளிகள். ஊடுருவிப் போன வெளிச்சம் பின்பக்கம் பட்டுத் திரும்பாமல் தடுக்கும் பூச்சு எவ்வளவு வலுவானது என்பதும் சேரும். நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்துவைத்தால் பிலிம் எப்படி நடந்துகொள்கிறது என்பது கடைசி.

ஒரு பிலிம் நின்றுபோனால் இந்தச் சேர்க்கை மொத்தமும் போய்விடுகிறது. ஆனால் அதைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் இவற்றில் ஏதோ ஒன்றுக்காகத்தான் அதை விரும்பியிருப்பார். இரவில் கோயில் கோபுரம் எடுப்பவருக்கும் கல்யாண வீட்டில் முகம் எடுப்பவருக்கும் ஒரே பிலிமுக்கு இரண்டு வேறு மாற்றுகள் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் "எதற்குப் பதில் எது" என்று கேட்பதற்கு முன், அந்த பிலிமில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று ஒரு பழைய பிரிண்ட்டை எடுத்துவைத்துப் பாருங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான் உதவும்.

கோடாக் பிளஸ்-எக்ஸ் போய்விட்டது. இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் சரியான மாற்றா?

பிலிமின் வேகத்தை, அதாவது வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் வாங்கும் என்பதைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண் இரண்டுக்கும் 125. 1938-இல் தொடங்கிய பிளஸ்-எக்ஸ் 2011-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு அதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலானோர் எஃப்பி4 பிளஸுக்குத்தான் வந்தார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

பிரிட்ஜில் கடைசி மூன்று ரோல் பிளஸ்-எக்ஸ் மிச்சம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரியம்மா வீட்டுத் திண்ணை. பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர், பக்கத்தில் வேப்பமரத்தின் நிழல், பெரியம்மா வெள்ளைப் புடவையில். ஒரே லென்ஸை இரண்டு கேமராவில் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்தேன். இரண்டையும் டி-76 என்ற டெவலப்பரில் (உருவத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்), ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினேன். பிரிண்ட் உலர்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிரெய்னில் பெரிய வேறுபாடு இல்லை. எஃப்பி4-இல் திண்ணைக்கு அடியில் இருட்டில் கிடந்த பித்தளைச் சொம்பு விளிம்போடு தெரிந்தது. பிளஸ்-எக்ஸில் அந்த இடம் ஒரு கருப்புத் திட்டு. ஆனால் வெயில் பட்ட புடவைத் தோளில், பிளஸ்-எக்ஸ் ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. எஃப்பி4-இல் மடிப்புகள் இருந்தன, ஆனால் ஒன்றோடொன்று நெருங்கிப் போயிருந்தன.

அந்த வெளிச்சப் பக்கத்துப் பிரிவுதான் பிளஸ்-எக்ஸின் அழகு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எஃப்பி4-ஐ ஐஎஸ்ஓ 100 என்று வைத்து எடுங்கள். கழுவும் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். பிரிண்ட் பேப்பரின் கான்ட்ராஸ்ட்டை அரை கிரேடு கூட்டிப் போடுங்கள். புடவை மடிப்பு திரும்பி வரும், சொம்பும் போகாது. நான் இப்போது எல்லா முகப்படங்களையும் இப்படித்தான் எடுக்கிறேன்.

ட்ரை-எக்ஸ் இன்னும் கடையில் இருக்கிறதே, அது பழைய ட்ரை-எக்ஸ்தானா?

பெயர் அதே பெயர்தான். 35 மில்லிமீட்டரிலும் 120 ரோலிலும் 1954-இல் வந்தது. அதற்குப் பிறகு பலமுறை மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய ட்ரை-எக்ஸின் கிரெய்ன், எழுபதுகளின் பத்திரிகைப் படங்களில் நாம் பார்த்த கிரெய்னைவிட நுணுக்கமானது. பழைய கரடுமுரடு வேண்டும் என்றால் ரோடினால் டெவலப்பரை ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர் கலந்து அதில் கழுவிப் பாருங்கள், ஓரளவு திரும்பும்.

அந்தக் காலத்து பிலிமையே பெரிய மாற்றம் இல்லாமல் வேண்டும் என்பவர்களுக்கு ஈஸ்ட்மன் டபுள்-எக்ஸைச் சொல்வேன். 1959-இல் சினிமாவுக்காக வந்த பிலிம், இன்றும் செய்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 250. சினிஸ்டில் நிறுவனம் இதைச் சின்ன ரோல்களாகச் சுற்றி பிடபிள்யூஎக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் விற்கிறது. முகத்தின் மேல் விழும் ஜன்னல் வெளிச்சத்தை இது காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஃப்யூஜி அக்ரோஸ் 100-உம் அக்ரோஸ் II-உம் ஒன்றா?

2018-இல் ஃப்யூஜி அக்ரோஸை நிறுத்துவதாக அறிவித்தபோது, இரவில் படம் எடுக்கிறவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கி வைத்தார்கள். அடுத்த வருடமே, 2019-இல், அக்ரோஸ் II வந்துவிட்டது. டப்பாவில் பிரிட்டனில் தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறது. பழையது ஜப்பானில் செய்தது. ஆகவே இரண்டும் அதே பூச்சு அல்ல. கூர்ந்து பார்த்தால் புதியதில் வெளிச்சப் பகுதிகள் கொஞ்சம் முறுக்கேறி நிற்கின்றன.

ஆனால் அக்ரோஸை எல்லோரும் எதற்காக விரும்பினார்களோ, அந்தக் குணம் புதியதிலும் இருக்கிறது. சாதாரணமாக எந்த பிலிமும் ஒரு விநாடிக்கு மேல் போனால் சோர்ந்துவிடும். மீட்டர் காட்டும் நேரத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அக்ரோஸில் 120 விநாடி வரை எதையும் கூட்ட வேண்டாம். அதற்கு மேல் 1000 விநாடி வரை அரை ஸ்டாப் போதும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு).

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று கணக்கில் பாருங்கள். மீட்டர் 60 விநாடி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்ரோஸ் II-க்கு 60 விநாடிதான். எஃப்பி4 பிளஸுக்கு இல்ஃபோர்ட் சொல்லும் கணக்குப்படி நேரத்தை 1.26 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். ஏறத்தாழ 174 விநாடி வரும், அதாவது மூன்று நிமிடம். ஃபோமாபான் 100 இன்னும் மோசம். மீட்டர் 10 விநாடி சொன்னாலே அதற்கு எட்டு மடங்கு, 80 விநாடி கொடுக்கச் சொல்கிறது அதன் குறிப்பேடு. 100 விநாடி என்றால் பதினாறு மடங்கு. கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஒரு படத்துக்கு! அதற்குள் விடியற்காலை வெளிச்சமே மாறிவிடும். இரவுப் படம் எடுப்பவர்களுக்கு அக்ரோஸ் II-ஐ விட்டால் வேறு மாற்று தேட வேண்டாம் என்பேன்.

ஃப்யூஜியின் நியோபான் 400, நியோபான் 1600 பிலிம்களுக்கு மாற்று எது?

400-க்கு எச்பி5 பிளஸ் அல்லது டி-மேக்ஸ் 400. கிரெய்ன் மென்மையாக வேண்டுமென்றால் டி-மேக்ஸ். 1600-க்கு நேரான மாற்று இல்லை. எச்பி5-ஐ 1600-க்குத் தள்ளி, அதாவது 1600 வேகம் என்று வைத்து எடுத்து, மைக்ரோஃபென் டெவலப்பரில் கூடுதல் நேரம் கழுவுவது ஒரு வழி. இல்ஃபோர்ட் டெல்டா 3200, கோடாக் டி-மேக்ஸ் பி3200 இரண்டையும் 1600-இல் வைத்து எடுப்பது இன்னொரு வழி. இவை இரண்டின் உண்மை வேகம் 1000-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, டப்பாவில் உள்ள 3200 தள்ளிக் கழுவுவதற்கான எண். பி3200-ஐ 2012-இல் நிறுத்திவிட்டு 2018-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நின்றுபோன பிலிம் எப்போதாவது திரும்பி வரும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

அக்ஃபா ஏபிஎக்ஸ் 100 கடையில் பார்த்தேன். நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்களே?

இரண்டுமே உண்மை. ஜெர்மனியின் அக்ஃபாஃபோட்டோ நிறுவனம் 2005-இல் திவாலானது. பழைய ஏபிஎக்ஸ் அதோடு முடிந்தது. இன்று அதே பெயரில் வருவது பெயர் உரிமத்தை வைத்துக்கொண்டு வேறு தொழிற்சாலையில் செய்து விற்கும் பிலிம். கெட்ட பிலிம் இல்லை, விலைக்கு நல்ல பிலிம். என் கண்ணுக்கு அது கென்ட்மியர் பிலிமுக்கு மிக அருகில் தெரிகிறது. ஆனால் பழைய ஏபிஎக்ஸை ரோடினாலில் கழுவி, கரி பென்சிலால் வரைந்தது போன்ற கூர்மையைப் பார்த்தவர்கள் அதை எதிர்பார்த்து இதை வாங்கினால் ஏமாந்துபோவார்கள். பழைய கழுவும் நேரத்தை இதற்கு அப்படியே பயன்படுத்தவும் கூடாது. டப்பாவின் உள்பக்கத்தில் அச்சிட்ட நேரத்தைப் பாருங்கள்.

பழைய ஏபிஎக்ஸ் 25-இன் நுணுக்கம் தேடுபவர்கள் ரோலை ரெட்ரோ 80எஸ் பக்கம் போகலாம். விமானத்திலிருந்து நிலப்படம் எடுக்க பெல்ஜியத்தின் அக்ஃபா-கெவார்ட் செய்த பிலிமிலிருந்து வந்தது அது. கிரெய்ன் கிட்டத்தட்டத் தெரியாது. ஆனால் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ரெட்ரோ 80எஸ்-இல் என் மனைவியைப் படம் எடுத்தேன். நெற்றியில் குங்குமமே இல்லாதது போல் வந்திருக்கிறது. பிலிம் கெட்டுப்போனதா?

கெடவில்லை. இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. ஒரு பிலிமை இன்னொன்றுக்கு மாற்றாக வைப்பதில் எங்கே தவறு நடக்கிறது என்பதை நெற்றிப் பொட்டைவிட நன்றாகக் காட்டக்கூடியது எதுவும் இல்லை.

ரெட்ரோ 80எஸ் சிவப்பை மிக அதிகமாக வாங்கும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டி அகச்சிவப்பின் ஓரம் வரை போகும். விமானத்திலிருந்து மூடுபனியை ஊடுருவிப் பார்க்க அது தேவை. அப்படிப்பட்ட பிலிமுக்குக் குங்குமம் ஒரு பிரகாசமான பொருள். நம் தோலும் சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். பொட்டும் தோலும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும்போது பொட்டு மறைந்துவிடுகிறது. உதடும் வெளுத்துப்போகும்.

இதற்கு நேர் எதிரானது தாத்தா பாட்டி காலத்து ஸ்டூடியோ படம். ஆர்த்தோக்ரோமாட்டிக் தகடுகளுக்குச் சிவப்பே தெரியாது. அதனால்தான் அவற்றைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே கழுவ முடிந்தது. அதில் குங்குமம் மை போட்ட புள்ளியாக நிற்கும், முகமும் உண்மையில் இருப்பதைவிடக் கறுத்து வரும். பாட்டி கல்யாணப் படத்தில் அவ்வளவு கறுப்பாக இருப்பதற்கு ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்லாதீர்கள், தகட்டின் கண் அப்படி.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மற்ற பிலிம்கள் எல்லாம். எஃப்பி4, எச்பி5, ட்ரை-எக்ஸ் போன்ற, எல்லா நிறங்களையும் பார்க்கும் பான்க்ரோமாட்டிக் பிலிம்களில் குங்குமம் நடுத்தரச் சாம்பலாக வரும், தோலிலிருந்து பிரிந்து தெரியும். அக்ரோஸ் II சிவப்பைக் கொஞ்சம் குறைவாக வாங்கும், எனவே பொட்டு சற்று அழுத்தமாக விழும். வேண்டுமென்றே பழைய ஸ்டூடியோத் தோற்றம் வேண்டுமென்றால் இல்ஃபோர்ட் ஆர்த்தோ பிளஸ் 80 இருக்கிறது. 2019 முதல் சின்ன ரோலிலும் கிடைக்கிறது. பச்சைக் கண்ணாடி ஃபில்டர் ஒன்று கையில் இருந்தால், சாதாரண பிலிமிலேயே பாதி தூரம் போய்விடலாம்.

புது பிலிம் எது வாங்கினாலும் முதல் ரோலில் குங்குமம், மஞ்சள், வாழையிலை, பித்தளை நான்கையும் ஒரு தட்டில் வைத்து ஒரு படம் எடுத்துவிடுவேன். எந்த விளக்கப்படமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

பனடாமிக்-எக்ஸும் டெக்னிக்கல் பானும் போன பிறகு, பெரிதாக்கினாலும் கிரெய்ன் தெரியாத பிலிம் எது?

கோடாக்கின் பனடாமிக்-எக்ஸ் ஏஎஸ்ஏ 32, ஐஎஸ்ஓ-வின் பழைய பெயர் அது. அதன் இடத்தில் இல்ஃபோர்ட் பான் எஃப் பிளஸ், ஐஎஸ்ஓ 50. இதில் ஒரு எச்சரிக்கை: எடுத்த படத்தை மாதக்கணக்கில் கழுவாமல் வைக்காதீர்கள். பான் எஃப்பில் பதிந்த உருவம் மற்ற பிலிம்களைவிட வேகமாக மங்கும். டி-மேக்ஸ் 100-ஐயும் மறந்துவிட வேண்டாம். வேகம் ஒரு ஸ்டாப் கூடுதல், கிரெய்ன் குறைவு.

டெக்னிக்கல் பான் தனி உலகம். 2004-இல் நிறுத்தும் வரை வானியலாளர்களின் செல்லப் பிலிம் அது. ஹைட்ரஜன் மேகங்கள் உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பை அது நன்றாகப் பிடிக்கும். நீண்ட எக்ஸ்போஷரில் சோராமல் இருக்க, வாயுவில் ஊறவைத்துப் பயன்படுத்துவார்கள். வெறும் கூர்மைக்கு அதற்கு இணை அடாக்ஸ் சிஎம்எஸ் 20 II. ஆவணங்களைச் சுருக்கிப் பதிக்கும் நுண்பட பிலிம் வகையைச் சேர்ந்தது, ஐஎஸ்ஓ 20. அடாக்ஸ் அதற்கென்றே விற்கும் அடோடெக் டெவலப்பரில் மட்டும் கழுவுங்கள். சாதாரண டெவலப்பரில் போட்டால் கருப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும், நடுவில் எதுவும் இருக்காது. டிரைபாட் இல்லாமல் இதை எடுப்பது வீண்.

கோடாக்கின் அகச்சிவப்பு பிலிம் எச்ஐஇ-யில் இலைகளைச் சுற்றி ஒளிவட்டம் வரும். ரோலை இன்ஃப்ராரெடில் அது ஏன் வரவில்லை?

ஏனென்றால் அந்த ஒளிவட்டம் அகச்சிவப்பால் வந்ததில்லை. எச்ஐஇ-யில் பின்பக்கத் தடுப்புப் பூச்சு கிடையாது. வெளிச்சம் பிலிமைத் துளைத்துப் போய், பின்னாலிருக்கும் பிரஷர் பிளேட்டில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் பரவும். அதுதான் வெயிலில் நிற்கும் மரத்தைச் சுற்றிப் பனி போலத் தெரிந்தது. அதே காரணத்தால் கேமராவில் மாட்டுவதற்கே முழு இருட்டு வேண்டும். 2007-இல் அது நின்றது.

ரோலை இன்ஃப்ராரெட் 400-க்குத் தடுப்புப் பூச்சு உண்டு. அது 820 நானோமீட்டர் வரை பார்க்கும், எச்ஐஇ 900 வரை பார்த்தது. இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200 சுமார் 740-இலேயே நின்றுவிடும். ஆகவே வெள்ளை இலையும் கரிய வானமும் வேண்டுமென்றால் ரோலை, 720 நானோமீட்டர் ஃபில்டர், நல்ல உச்சி வெயில். ஃபில்டர் மாட்டிய பிறகு வேகம் ஐஎஸ்ஓ 6-லிருந்து 12-க்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று நான்கு எக்ஸ்போஷர் கொடுங்கள். லென்ஸில் சிவப்புக் கோடு இருந்தால் ஃபோகஸை அங்கே நகர்த்த மறக்காதீர்கள்.

ஒளிவட்டத்துக்கு லென்ஸ் முன்னால் மெல்லிய டிஃப்யூஷன் ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். பிரிண்ட் போடும்போது என்லார்ஜர் லென்ஸுக்குக் கீழே காட்டியும் பார்த்தேன். முதல் வழிதான் எச்ஐஇ-க்கு அருகில் வருகிறது, ஏனென்றால் அதில் வெளிச்சம் பரவுகிறது. இரண்டாவதில் நிழல்தான் பரவும்.

இன்னொன்று: ரோலை பிலிமின் அடித்தளம் பாலியெஸ்டர். வெளியே நீட்டியிருக்கும் நுனி வழியாக வெளிச்சம் குழாய் போல உள்ளே ஓடி முதல் சில படங்களைக் கெடுக்கும். நம் ஊர் வெயிலில் நின்றுகொண்டு மாட்டாதீர்கள். வீட்டுக்குள் போய், திரையை இழுத்துவிட்டு மாட்டுங்கள்.

அப்பாவின் நெகட்டிவ் உறைகளில் "ஆர்வோ என்பி20", "இந்து" என்று எழுதியிருக்கிறது. இவை என்ன பிலிம்கள்?

எண்பதுகள் வரை நம் ஊரில் படம் எடுத்த பலரின் வீட்டிலும் இந்த இரண்டு பெயர்களும் இருக்கும்.

ஆர்வோ என்பது கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபென் நகரத் தொழிற்சாலை. பெயரே "ஒரிஜினல் வோல்ஃபென்" என்பதன் சுருக்கம், 1964 முதல் வழக்கில் வந்தது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடாக இருந்த காலத்தில் அந்த நாட்டோடு ரூபாயிலேயே வணிகம் செய்ய முடிந்தது. அதனால் ஆர்வோ இங்கே சினிமாவுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் தாராளமாக வந்தது. என்பி20 என்பதில் உள்ள 20, ஜெர்மன் டிஐஎன் எண். 21 டிஐஎன் என்றால் ஏஎஸ்ஏ 100, மூன்று எண் கூடினால் வேகம் இரட்டிக்கும். எனவே என்பி20 சுமார் 80, என்பி27 சுமார் 400, என்பி15 வெறும் 25. பலர் அந்த 20-ஐ ஏஎஸ்ஏ 20 என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்து நம்முடையது. 1960-இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம், பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிலிம் பூச தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும், ஊட்டியில் அது இயற்கையாகவே இருந்தது. எக்ஸ்ரே பிலிம், சினிமா பிரிண்ட் பிலிம், புகைப்பட ரோல், புரோமைடு பேப்பர் என்று அங்கே செய்தார்கள். தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பகுதிக்கு இந்து நகர் என்றே பெயர். தொண்ணூறுகளில் நலிந்து, பிறகு மூடப்பட்டது. உலகத்தில் பிலிம் பூசத் தெரிந்த ஊர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்த வரிசையில் நீலகிரியும் இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

மாற்று என்று கேட்டால், இரண்டுக்கும் செக் நாட்டின் ஃபோமாபான் 100-தான் என் பதில். 1921-இல் தொடங்கிய ஃபோமா இன்னும் பழைய பாணியில் பூசுகிறது. விளக்கு, ஜன்னல் போன்ற இடங்களில் லேசாக ஒளி கசியும், வானம் வெளுக்கும், கிரெய்ன் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். அப்பாவின் ஆல்பத்தில் இருக்கும் தோற்றத்துக்கு இதைவிட அருகில் இன்று எதுவும் இல்லை. என்பி27-க்கு ஃபோமாபான் 400, ஆனால் அதை 250 அல்லது 200 என்று வைத்து எடுங்கள், நிழல்கள் பிழைக்கும். 120 ரோலை முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டினால் அடர்ந்த பச்சை நீலமாக வரும். பயப்பட வேண்டாம், அது சாயம்தான்.

அந்த நெகட்டிவ்களை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். புளிக்காடி வாசனை வந்தால் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான காகித உறையில் வைத்து, உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

எஃப்கே பிலிமுக்கு மாற்று எது?

குரோயேஷியாவின் ஃபோட்டோகெமிகா 2012-இல் நிறுத்தியது. 1950களில் ஜெர்மனியின் அடாக்ஸ் கண்ட சூத்திரங்களில்தான் எஃப்கே ஓடியது. இன்றைய அடாக்ஸ் அந்த வழியில் சிஎச்எஸ் 100 II செய்கிறது. வேறு தேட வேண்டாம்.

கலர் லேபில் கொடுத்துக் கழுவக்கூடிய கருப்பு வெள்ளை பிலிம்?

கோடாக் பிடபிள்யூ400சிஎன் 2014-இல் போய்விட்டது. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் மட்டும் இருக்கிறது. லேபில் கொடுக்கும்போது "சி-41" என்று (கலர் பிலிம் கழுவும் முறையின் பெயர்) உறையில் பெரிதாக எழுதுங்கள். ஒருமுறை எனக்குச் சாதாரண கருப்பு வெள்ளை பிலிமை ஒரு லேப் கலர் ரசாயனத்தில் போட்டு வெறும் கண்ணாடிச் சுருளாகத் திருப்பிக் கொடுத்தது. தங்கை வளைகாப்புப் படங்கள் அதில் போயின.

நிறைய புதுப் பெயர்களில் பிலிம் வருகிறதே, எல்லாம் புதிய பிலிம்களா?

பெரும்பாலும் இல்லை. உலகில் பிலிம் பூசும் தொழிற்சாலைகள் மிகச் சிலவே, பெயர் ஒட்டுகிறவர்கள்தான் பலர். காஸ்மோ ஃபோட்டோ மோனோ என்பது ஃபோமாபான் 100. அரிஸ்டா இடியு அல்ட்ராவும் ஃபோமாதான். பெயர் மாற்றி விற்பதில் தவறில்லை, ஆனால் நீங்கள் ஏற்கெனவே கழுவிப் பழகிய பிலிமையே கூடுதல் விலை கொடுத்து வாங்கக் கூடாது. டப்பாவில் உள்ள கழுவும் நேரப் பட்டியலை மற்ற பிலிம்களின் பட்டியலோடு ஒப்பிட்டாலே பாதி குட்டு உடைந்துவிடும்.

உண்மையில் பழைய சூத்திரத்தை மீட்டெடுத்தவர்களும் உண்டு. இத்தாலியின் ஃபிலிம் ஃபெரானியா 2017-இல் பி30-ஐ அப்படித்தான் கொண்டுவந்தது. ஐஎஸ்ஓ 80, முரட்டு கான்ட்ராஸ்ட். நிழலுக்கு மீட்டர் வையுங்கள்.

பழைய பிளஸ்-எக்ஸ் ரோல்கள் ஏலத்தில் வருகின்றன. வாங்கலாமா சார்?

ஞாபகத்துக்காக ஒன்று வாங்கலாம், நம்பி வாங்காதீர்கள். குளிரில் வைத்ததா, கார் டிக்கியில் கிடந்ததா என்பது தேதியைவிட முக்கியம். மெதுவான பிலிம்கள் தாங்கும். இருபது வருடம் பழைய பனடாமிக்-எக்ஸ் நன்றாகவே வந்திருக்கிறது. வேகமானவை, குறிப்பாக 3200 வகைகள், ஃப்ரீஸரில் இருந்தாலும் புகை படிந்தது போல் ஆகிவிடும். இயற்கைக் கதிர்வீச்சை ஃப்ரீஸர் தடுக்காது. பழைய ரோல் கையில் இருந்தால் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடுத்து கோடாக்கின் எச்.சி.-110 டெவலப்பரில் கழுவுங்கள், அது புகையை அடக்கும். திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சிக்கு மட்டும் வேண்டாம்.

டெவலப்பரை மாற்றி பிலிமின் குணத்தை மாற்ற முடியுமா?

கிரெய்னையும் கூர்மையையும் ஓரளவு மாற்றலாம். வளைகோட்டைக் கொஞ்சம் வளைக்கலாம். நிறங்களைப் பார்க்கும் விதத்தை மாற்றவே முடியாது, அதற்கு லென்ஸ் முன்னால் ஃபில்டர் போட வேண்டும். குங்குமம் மறைந்த படத்தை எந்த டெவலப்பரும் மீட்டுத் தராது.

பிலிம்களை ஒப்பிடும்போது டெவலப்பர் ஒன்றாகவே இருக்கட்டும். நான் டி-76 பயன்படுத்துவதற்குக் காரணம், அது எப்போதும் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். முக்கால் லிட்டர் வெந்நீரில், 50 டிகிரி சூட்டில், ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால், அது கரைந்த பின் மீதி சல்ஃபைட், அப்புறம் மற்றவை. மெட்டாலை சல்ஃபைட்டுக்குப் பிறகு மொத்தமாகக் கொட்டினால் கரையாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மெட்டால் சிலர் தோலுக்கு ஆகாது.

வெப்பநிலை நம் ஊரில் பெரிய தொல்லை. பட்டியல்கள் எல்லாம் 20 டிகிரிக்கு; சென்னையில் மே மாதக் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டும். ஒரு டிகிரி கூடினால் கழுவும் நேரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது கைக்கணக்கு. டி-76 ஒன்றுக்கு ஒன்றில் ட்ரை-எக்ஸுக்கு 20 டிகிரியில் 9¾ நிமிடம். 30 டிகிரியில் அது நான்கு நிமிடத்துக்கும் கீழே போய்விடும், வானத்தில் திட்டுத் திட்டாக விழும். ஒரு பிளாஸ்டிக் டப்பில் பனிக்கட்டி மிதக்கவிட்டு, டெவலப்பர், ஃபிக்ஸர், முதல் கழுவல் தண்ணீர் எல்லாவற்றையும் அதில் நிற்க வைத்து 22 அல்லது 24-க்கு இறக்குங்கள். டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டு, சூடான குழாய்த் தண்ணீரில் அலசினால் ஜெலட்டின் சுருங்கி வலை போல வெடிக்கும். அடாக்ஸ் சிஎச்எஸ் போன்ற மென்மையான பூச்சுகளில் இது சீக்கிரம் நடக்கும்.

சரி, நானே ஒப்பிட்டுப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

பழைய பிலிமில் எடுத்த நல்ல நெகட்டிவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே இடம், அதே மாதம், அதே நேரம் கிடைத்தால் நல்லது. புது பிலிமில் அந்தக் காட்சியை மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று எடுங்கள். அதே ரோலில் ஒரு முகமும் குங்குமத் தட்டும் இருக்கட்டும்.

கழுவியதும் ஸ்கேன் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்கேனர் தானாகவே கருப்பையும் வெள்ளையையும் இழுத்து எல்லா பிலிமையும் ஒன்றுபோல ஆக்கிவிடும். காண்டாக்ட் பிரிண்ட் போடுங்கள், அதாவது நெகட்டிவைப் பேப்பர் மேலேயே வைத்து எடுப்பது. பிலிமின் காலியான ஓரம் பேப்பரில் முழுக் கருப்பாக மாறும் மிகக் குறைந்த நேரம் எது என்று முதலில் துண்டுப் பேப்பரில் கண்டுபிடியுங்கள். பழைய நெகட்டிவுக்கும் புதியதற்கும் தனித்தனியாக அதைச் செய்யுங்கள். பழைய அடித்தளம் பழுப்பேறியிருக்கும், நேரம் மாறும். அந்தந்த நேரத்தில் இரண்டையும் அடுத்தடுத்து, ஒரே கிரேடில், ஒரே பேப்பரில் போடுங்கள். பிரிண்ட் ஈரமாக இருக்கும்போது எதுவும் சொல்ல வேண்டாம். உலர்ந்ததும் சாம்பல் ஒரு படி இறங்கும். மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில், முதலில் நிழலுக்குள் என்ன தெரிகிறது என்று பாருங்கள், பிறகு வெள்ளைத் துணியின் மடிப்பை, பிறகு முகத்தை.